கயிற்றில் கிடந்த காசு

மே 6, திங்கள்

இன்று கடையில் கண்டதை யாரிடமும் சொல்லவில்லை. வத்சலாவிடம்கூட. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் குறைந்திருந்த நேரம். சிலோன் காலனியிலிருந்து மூக்காயியம்மா கணவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். மாதாமாதம் வருகிறவர்தான். சீட்டை நீட்டும்போது தோளிலிருந்த சால்வை நழுவியது. அதைக் குத்திக்கொள்ள ஊக்கு வேண்டித் தாலிக் கயிற்றை வெளியே இழுத்தார். நம் பெண்களுக்குத் தாலிக் கயிறுதானே ஊக்கு ஸ்டாண்டு. மஞ்சள் கயிறு, பொட்டுத் தாலி, இரண்டு பவழம், வரிசையாக ஊக்குகள். நடுவில் ஓட்டை போட்டுக் கோத்த ஒரு சின்னச் செம்புக் காசு.

காசு இல்லை. டோக்கன். காப்பிக் கொத்து ஒன்று. சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து: டன்வுட்டி அண்டு... அவ்வளவுதான் தெரிந்தது. அம்மா கயிற்றை உள்ளே போட்டுக்கொண்டுவிட்டார்.

மாத்திரை அட்டையைக் கவரில் போட்டேன். மீதிச் சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுத்தேன். அதையும் கூடுதலாகவே கொடுத்திருக்கிறேன். "என்ன ஐயா, இன்னிக்கு ரொம்பத் தாராளம்?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மே 7, செவ்வாய்

கொஞ்ச நாள் கழித்து நானே படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக விளக்கமாக எழுதுகிறேன்.

நான் தணிகாசலம். கோத்தகிரி பஜாரில் மருந்துக் கடை, உதவிக்கு மனைவி வத்சலா. ஆசையாகச் சேர்ப்பது வெள்ளைக்கார வியாபாரிகள் அடித்துவிட்ட டோக்கன்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சில்லறைக்குப் பஞ்சம். அரசாங்கம் அடிக்கிற காசு போதவில்லை என்று மளிகைக்காரனும் துணிக்காரனும் தங்கள் தங்கள் பெயரைப் பொறித்துச் செம்பு வில்லைகளை அடித்து விட்டார்கள். நான் சில்லறைக்குச் சாக்லேட் கொடுப்பதைப் போலத்தான். கப்பலேறி வந்த வியாபாரிகள் இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். கொழும்பில் காப்பிக் கிட்டங்கி, அதாவது கோடவுன், வைத்திருந்தவர்கள் கொட்டை பொறுக்கிய பெண்களுக்கு இதைத்தான் கூலியாகக் கொடுத்தார்கள்.

டன்வுட்டி அண்டு ஹேல்ஸ் என்ற கம்பெனி மூன்று அளவில் அடித்தது. பெரியது என்னிடம் இருக்கிறது. நடுவாந்தரமும் இருக்கிறது. சின்னதை யாரும் கண்ணால் கண்டதில்லை. என் ஆல்பத்தில் மூன்றாவது குழி வருஷக்கணக்காகக் காலி. கோயம்புத்தூர் நாணய வியாபாரி வரதராஜுலு இதற்காக நாகப்பட்டினம் வரை அலைந்தவர். அது நம் கடைக்கு மாதாமாதம் நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறது!

கேட்டு வாங்கலாமே என்று யாராவது சொல்லலாம். சுமங்கலி கழுத்தில் கிடப்பதைக் கேட்கும் அளவுக்கு நான் தரங்கெட்டவன் இல்லை. அது தானாகக் கழல வேண்டும். கழலும்வரை காத்திருக்க எனக்குத் தெரியும்.

எழுதி முடித்து வாசித்த பிறகுதான் 'கழலும்வரை' என்பது உறைத்தது. நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை.

மே 8, புதன்

வத்சலாவிடம் சொல்லிவிட்டேன். "ஓட்டக் காசுக்கா ராத்திரியெல்லாம் புரண்டீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மே 19, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. சத்து மாவு டப்பா ஒன்றும் கொஞ்சம் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு சிலோன் காலனிக்குப் போனேன். வாடிக்கையாளரைப் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. இதற்கு முன் எந்த வாடிக்கையாளரையும் போய்ப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மூக்காயியம்மாவின் கணவர் பெயர் சின்னழகு. ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி இங்கே வந்து, மறுபடியும் தேயிலையே பறித்து ஓய்ந்தவர். உடம்பு தளர்ந்திருக்கிறது, வாய் தளரவில்லை.

"வாங்க ஐயா. எந்திரிச்சு கும்பிட ஏலாது. கோவிச்சுக்காதீங்க."

முடியாது என்பதற்கு அவருக்கு 'ஏலாது'தான். ரத்த அழுத்தம் என்றேன். "உப்பில்லாம திங்க ஏலாது" என்றார். நடக்கச் சொன்னேன். "மேட்டுல ஏலாது, பள்ளத்துல பயம்" என்றார். மூக்காயியம்மா சாயத் தண்ணி, அதாவது பாலில்லாத டீ, கொண்டுவந்து குனிந்து வைத்தபோது கயிறு முன்னால் வந்து தொங்கியது. காப்பிக் கொத்தின் காம்பு, அதன் கீழே ஒரு புள்ளி. அப்போதே டம்ளரைக் கையில் வாங்கியிருக்க வேண்டும்.

"ஐயா வந்ததுலேருந்து இவ கழுத்தையே பாக்குறாரு" என்றார் சின்னழகு. "எழுபது வயசுல ஒனக்கு அடிச்ச யோகத்தப் பாரு புள்ள!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நல்ல வேளை, அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவசர அவசரமாக, "இல்லைங்க, அந்தக் காசு..." என்றேன்.

"அதுவா? அது எங்க பூட்டி கொழும்புல காப்பி பொறுக்கிக் கூலியா வாங்குனது. கிட்டங்கி மூடுன பொறவு எந்தக் கடையிலயும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. கடையில செல்லலேன்னா கழுத்துல செல்லட்டும்னு ஓட்ட போட்டுக் கோத்துட்டாங்க. வீட்டுக்கு வார மருமகளுக்கெல்லாம் அதுதான்." சின்னழகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏன், ஐயாவுக்கு அதுல ஆசையா?"

"சேச்சே! தாலியில கெடக்குறதப் போய்..." என்று எழுந்துவிட்டேன்.

சரியாகத்தான் சொன்னேன். மரியாதை தெரிந்தவன் அப்படித்தான் சொல்வான்.

ஜூன் 3, திங்கள்

மூக்காயியம்மா வந்தார். மாத்திரை கொடுத்தேன். சீட்டோடு டாக்டர் எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது, நான் கேட்காமலே காட்டினார். இதயம் வீங்கியிருக்கிறது. ஒருவேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.

இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது சிரமம் என்று தோன்றியது. மருந்துக்கடைக்காரனுக்குத் தோன்றாமல் இருக்குமா, தொழில் அப்படி.

ஜூன் 10, திங்கள்

சாரல். ஆல்பத்தை வெயிலில் வைக்க முடியவில்லை. பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயம். மூன்றாவது குழியின் பட்டுத் துணியை மட்டும் புதிதாக மாற்றினேன்.

ஜூலை 4, வியாழன்

சின்னழகுவுக்குத் தரும் ஐம்பது எம்.ஜி. மாத்திரை இந்த வாரச் சரக்கில் வரவில்லை. கம்பெனியிலேயே தட்டுப்பாடு என்று சப்ளைக்காரன் சொன்னான். மேட்டுப்பாளையம் ஏஜென்சிக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.

மூக்காயியம்மாவிடம் அடுத்த வாரம் வரச் சொன்னேன். "வேற கடையில கேக்கட்டுமாய்யா?" என்றார். "எங்கயும் இருக்காதும்மா, கம்பெனியிலேயே இல்ல" என்றேன்.

இருபத்தைந்து எம்.ஜி. கடையில் இருக்கிறது. ஆனால் சீட்டில் ஐம்பது என்று எழுதியிருக்கிறது. சீட்டை மீறிக் கொடுப்பது முறையல்ல. தட்டில் இடத்தை அடைக்கிறது என்று அந்தப் பெட்டியைப் பரணில் எடுத்துப் போட்டேன்.

ஜூலை 6, சனி

கோயம்புத்தூரில் நாணயக் கண்காட்சி. கடையை வத்சலா பார்த்துக்கொண்டாள். வரதராஜுலு கடை விரித்திருந்தார். வழக்கம்போல வெற்றிலையும் வம்பும்.

"தணிகாசலம், கொழும்புலேர்ந்து ஒருத்தன் டன்வுட்டி சின்னது எங்கயாவது இருக்கான்னு வலை வீசுறான். சிலோன் ஜனங்க இருக்கற ஊரா ஆள் விடப் போறானாம். உம்ம கண்ணுல ஏதாச்சும் பட்டுதா?"

"இல்லையே" என்றேன். சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வத்சலா கேட்டாள். "மருந்து மொத்தக்கடையெல்லாம் அந்தத் தெருவுலதானே? மூக்காயிம்மாவுக்கு வாங்கிட்டு வந்தீங்களா?"

"ஞாபகம் இல்லை" என்றேன். உண்மைதான். ஒரு மொத்தக்கடை வாசலில் நின்று டீ குடித்தேன் என்பதும் உண்மைதான்.

ஜூலை 8, திங்கள்

மூக்காயியம்மா மழையில் நனைந்துகொண்டு வந்தார். இன்னும் வரவில்லை என்றேன்.

"தல சுத்துதுங்கிறாரு ஐயா. பின்மண்ட வலிக்குதாம். மருந்தில்லாம இருக்க ஏலாதுங்கிறாரு."

"ரெண்டு நாள்ல வந்துரும். உப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

படியிறங்கியவர் திரும்பி வந்தார். "மறந்தே போனேன். ஆடிப் பதினெட்டு கழியட்டும், ஐயாவுக்கு ஒரு சாமான் குடுக்கணும்னு அவரு சொல்லிக்கிட்டே இருக்காரு. இப்ப கேக்காதீங்க."

டீத் தூளாக இருக்கும். இந்தக் காலனிக்காரர்கள் நன்றிக்கு டீத் தூளைத் தவிர வேறெதுவும் தருவதில்லை.

மேட்டுப்பாளையம் ஏஜென்சிக்குப் போன் செய்ய வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

மழை. ஸ்டாக் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

சின்னழகு விழுந்துவிட்டார்.

காலனியிலிருந்து போன் வந்ததும் டாக்சி பிடித்துக்கொண்டு ஓடினேன். வலது கையும் காலும் தொங்கிவிட்டன, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. இங்கே முதலுதவி பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நானே கூடப் போனேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் மடியில் சரிந்தது. அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். இதையும் எழுதி வைக்கிறேன், யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரி நடையில் மூக்காயியம்மா தாலியை வெளியே எடுத்து இரண்டு கையிலும் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொழச்சுக்குவாராய்யா? நீங்க மருந்து தெரிஞ்சவரு, சொல்லுங்க."

அவருடைய உள்ளங்கையில் காசு மல்லாந்து கிடந்தது. முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். டன்வுட்டி அண்டு ஹேல்ஸ், கொழும்பு. விளிம்பில் தேய்மானமே இல்லை. ஓட்டையும் ஓரத்தில்தான், எழுத்தில் படவில்லை.

பிறகுதான் அவர் கேட்டது உறைத்தது. "பொழச்சுக்குவாரும்மா" என்றேன். அப்படிச் சொல்லும்போது மனதின் ஒரு மூலையில் ஏதோ ஏமாந்துபோய் உட்கார்ந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஜூலை 15, திங்கள்

வத்சலா பரணை ஒழித்தாள். நான் கடைக்குள் நுழைந்தபோது இருபத்தைந்து எம்.ஜி. பெட்டி கல்லா மேல் இருந்தது.

"இது அந்த மாத்திரைதானே? ரெண்டு போட்டா அம்பதுதானே?"

"சீட்டுல..."

"எங்க அண்ணனுக்குப் போன வருஷம் இப்படித்தானே குடுத்தீங்க? ரெண்டு ரெண்டா போடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

 அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்த முகம், அதில் படிக்க அவளுக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் காசுக்காகவா?" என்றாள். பிறகு உடனே, "வேண்டாம். நீங்க சொல்லாதீங்க. எனக்குத் தெரியவே வேண்டாம்" என்று பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

காசுக்காக இல்லை. நான் எதையும் செய்யவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் விஷயம் என்று எனக்கும் தெரிகிறது.

ஜூலை 17, புதன்

மேட்டுப்பாளையம் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். ஐம்பது எம்.ஜி. அங்கே இருந்ததாம். ஒரு மாதமாகவே இருக்கிறதாம். "கேட்டிருந்தா பஸ்ஸில போட்டு விட்டிருப்பேனே சார்" என்றான். ஒரு பெட்டி அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 24, புதன்

சின்னழகுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. கை திரும்பாது என்கிறார்கள். பேச்சு போய்விட்டது.

வத்சலா சோறு போடுகிறாள், காப்பி தருகிறாள். பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காலையிலேயே பஜாரில் மஞ்சளும் பூவும். கட்டு போடும் பஞ்சு எடுக்கத் திரும்பியபோது மூக்காயியம்மா படியேறி வந்தார். தலைக்குக் குளித்துப் புதுக் கயிறு கட்டியிருந்தார். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. இந்தக் கயிற்றில் தாலி இருந்தது, பவழம் இருந்தது, ஊக்குகளும் இருந்தன. நடுவில் இடம் காலி.

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"இந்தாங்க ஐயா. நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கே அவரு சொல்லிட்டாரு. 'பதினெட்டுக்கு கயிறு மாத்துவேல்ல, அப்ப அந்தக் காச எடுத்து ஐயாகிட்ட குடுத்துரு புள்ள. ஆசையா பாக்குறாரு, பாவம், கேக்கக் கூச்சப்படுறாரு'ன்னாரு. நடுவுல கயிற அவுக்கக் கூடாதேன்னுதான் இத்தன நாளு வச்சிருந்தேன்."

மே மாதத்திலேயே. நான் சேச்சே என்று எழுந்து போன அன்றே.

"தாலியில கெடந்ததும்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

"கயித்துல கெடந்துச்சு. தாலி இதோ இருக்கே." சிரித்தார். "வாய விட்டுக் கேட்டிருந்தா அப்பவே ஒரு நல்ல நாள் பாத்து மாத்திக் குடுத்திருப்பேனே. இதுக்குப் போயி..."

காசைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். எனக்கு வேண்டாம், நீங்களே கோத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"கழட்டுனதத் திரும்பக் கோக்கக் கூடாதுய்யா. அவரு இருக்கற நெலமையில அப்படிச் சொல்லலாமா?"

மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது. மாத்திரை கேட்டார். கொடுத்தேன். "இந்த மாசம் தட்டுப்பாடில்லாம வந்துருச்சா? சாமி புண்ணியம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடையின் உள்ளறையில் போய் உட்கார்ந்து அழுதேன். எப்போது கடைசியாக அழுதேன் என்று நினைவில்லை. வத்சலா வாசலில் வந்து நின்றாள். மேசைமேல் இருந்த காசைப் பார்த்தாள். "வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிலோன் காலனிக்குப் போனேன். சத்து மாவு, ஆரஞ்சு எதுவும் வாங்கவில்லை. எந்தக் கையால் கொடுப்பது?

சின்னழகு அதே ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார். கண்ணில் அதே குறும்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது போயிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மூக்காயியம்மா சாயத் தண்ணி போட உள்ளே போனார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, காசை அவருடைய நல்ல கையில் வைத்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தாழ்த்தினால்தான் வந்தது.

"மாத்திரை இருந்துச்சுங்க. பாதி பாதியா இருந்துச்சு, பரண்ல எடுத்துப் போட்டேன். மேட்டுப்பாளையத்துல முழுசாவே இருந்துச்சு, நான் கேக்கல. வேற கடையிலயும் இருக்காதுன்னு பொய் சொன்னேன். எல்லாம் இதுக்காகத்தான்."

இதுவரை இந்த நோட்டில்கூட இப்படி எழுதவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்ததென்றுதான் நினைக்கிறேன். உள்ளங்கையில் இருந்த காசைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திறந்தது. கஷ்டப்பட்டு ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"ஏலாது."

காசு கையிலிருந்து சரிந்து போர்வையில் விழுந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூக்காயியம்மா டம்ளரோடு வந்தார். "பேசிட்டாரா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து அந்த ஒரு வார்த்ததான் வாயில நிக்குது ஐயா. சோறு வேணும்னாலும் ஏலாது, தண்ணி வேணும்னாலும் ஏலாது. என்னா சொன்னாருன்னு நாமதான் பாத்துப் புரிஞ்சுக்கணும்." போர்வையில் கிடந்த காசை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "சந்தோஷமா வச்சுக்குங்கன்னு சொல்றாரு."

அந்த அம்மாவுக்கு என்ன தெரியும். என் கை மூடியபடியே இருந்தது. சாயத் தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் வந்தால் அந்த அம்மா வருத்தப்படுவார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஐம்பது எம்.ஜி. இன்னும் இரண்டு பெட்டி வந்தது. கண்ணுக்குத் தெரிகிற தட்டில் வைத்தேன். வரதராஜுலு போன் செய்தார், எடுக்கவில்லை.

வத்சலா சாப்பாடு பரிமாறும்போது கேட்டாள். "நேத்து அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஏலாதுன்னாரு."

கொஞ்ச நேரம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ரசம் ஊற்றினாள்.